ஐம்பதில் ஒரு பங்கு

என் வீட்டுக்காரர் பந்தயம் கட்டுவார். இதைச் சொல்லும்போது என் குரல் இறங்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துதான் போக வேண்டும். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் யாராவது ஒரு சித்தியோ பெரியம்மாவோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன் வீட்டுக்காரரு இப்ப அதையெல்லாம் விட்டுட்டாராட்டி?" என்று காதோடு கேட்பார்கள். "விடலை சித்தி, அளவாக் கட்டுதாரு" என்று பந்தியில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரியே சொல்வேன். கேட்டவர்கள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். குடிப்பதை விட்ட புருஷனைப் பற்றிப் பெருமை பேசலாமாம், அளவோடு பந்தயம் கட்டுகிற புருஷனைப் பற்றிப் பேசக் கூடாதாம். விடுவதைவிட அளப்பது கஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

அவருக்குக் குற்றாலத்தில் சீசன் கடை. சாரல் விழுகிற மூன்று மாதமும் மெயின் அருவிக்குப் போகிற வழியில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், முட்டைப்பழம் என்று அடுக்கி வைத்து விற்பார். மற்ற மாதங்களில் லோடு ஆட்டோ ஓட்டுவார், பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து தென்காசிக் கடைகளுக்குக் காய்கறி இறக்குவார். நான் தென்காசியில் இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பாவூர்சத்திரத்தில் ஒரு வெங்காயக் கமிஷன் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. விலையைத் தப்பாகக் கணித்ததால் ஒழிந்துபோன வியாபாரியை நான் பார்த்ததே இல்லை. எல்லோருமே தப்பாகக் கணிப்பார்கள், பாதி நாள் தப்பாகத்தான் இருக்கும். ஒழிந்துபோனவர்கள் எல்லாம் முதல் மொத்தத்தையும் ஒரே லாரியில் ஏற்றியவர்கள். மறுவாரம் விலை அவர்கள் சொன்னபடியே ஏறும், ஆனால் வாங்க அவர்களிடம் காசு இருக்காது.

இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தும் என் வீட்டுக்குள் நடந்ததை நான் கவனிக்கவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சித்திரை வெயிலில், கிரிக்கெட் சீசன். என் வீட்டுக்காரருக்குக் கிரிக்கெட் நன்றாகத் தெரியும். எந்தத் தரையில் பந்து திரும்பும், யார் கடைசி ஓவரில் உதறுவான் என்பதெல்லாம் அத்துப்படி. அது தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. ஒரு ஆட்டத்தில் தோற்றார். அடுத்ததில் இரண்டு மடங்கு கட்டினார். அதிலும் தோற்றபோது நாலு மடங்கு. "விட்டதைப் பிடிச்சிருவேன்" என்று ஒரு சொல் இருக்கிறதே, நம் ஊர்களில் அந்தச் சொல்லுக்குப் பலியான வீடுகளை எண்ணி மாளாது. ஒரே வாரத்தில், சீசன் கடையை ஏலம் எடுக்க வைத்திருந்த பணம் காலி.

என் தாலிச் செயினை பேங்கில் வைத்துத்தான் அந்த வருஷம் கடை போட்டோம். மஞ்சள் கயிற்றோடு கணக்கு எழுதப் போனேன். ஆத்திரத்தில் அவரோடு பேசாமல் இருந்தேன், ஆனால் சோறு மட்டும் சரியாகப் போட்டேன். சோற்றில் கோபத்தைக் காட்டுவது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை.

என் மாமியார் அவரைக் காசி விசுவநாதர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார்கள். ராஜகோபுரத்துக்குக் கீழே அடிக்கிற காற்றில் கற்பூரம் இரண்டு முறை தானாகவே அணைந்துவிட்டது. மூன்றாவது முறைதான் அவர் கையால் அணைக்க முடிந்தது. அந்தச் சத்தியம் அடுத்த அரையிறுதி வரைக்கும் தாங்கியது. மாமியார் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. முழுசாக நிறுத்தச் சொல்லி இந்த மனிதரை நிறுத்த முடியாது, நிறுத்தச் சொல்லச் சொல்ல ஒளிந்து கட்டுவார், ஒளிந்து கட்டுகிறவன் அளந்து கட்ட மாட்டான் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது.

போன வருஷம் கிரிக்கெட் சீசன் தொடங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்றைக் கழுவித் துடைத்து அவர் முன்னால் வைத்தேன்.

"பந்தயம் கட்டுங்க. ஆனா இந்தச் சட்டிக்குள்ள இருக்கத வச்சுத்தான் கட்டணும்" என்றேன்.

"இதுல என்ன இருக்கு?"

"போனா நாம அழாத அளவுக்குப் பணம் இருக்கு. வீட்டு வாடகை இல்ல, கடை ஏலப் பணம் இல்ல, பிள்ளை பீஸ் இல்ல. இதை அம்பது பங்கா வச்சுக்கோங்க. ஒரு ஆட்டத்துக்கு ஒரு பங்கு. சட்டில பணம் குறைஞ்சா பங்கும் குறையும், கூடுனா கூடும். ஒரு நாள்ல ஒரு தடவைதான். தோத்த அன்னைக்கு மறுபடியும் கட்டக் கூடாது. சட்டி காலியாச்சுன்னா அடுத்த சித்திரைக்குத்தான்."

அவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதென்னட்டி ரேஷன் கடையா? அம்பதுல ஒண்ணு வச்சு எவன் பெரியாளா ஆனான்?"

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். நீங்க பெரியாளா ஆக வேண்டாம், இருக்க ஆளா இருங்க" என்றேன்.

சட்டி என் பீரோவில்தான் இருந்தது. அவர் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பேன். முதல் மாதம் தினமும் சண்டை. செல்போனில் கட்டுகிற ஆப்பையெல்லாம் அரசாங்கம் மூடிவிட்டதால் கையோடு கைக்காசு வைத்து நண்பர்களுக்குள் கட்டிக்கொள்வதுதான். ஒரு நாள் மூன்று பங்கு கேட்டு நின்றார். டாஸ் ஜெயித்தாயிற்றாம், பிச் நம் பக்கமாம். "பிச் உங்க பக்கம் இருக்கட்டும், சட்டி என் பக்கம் இருக்கு" என்று ஒரு பங்கை மட்டும் எடுத்து நீட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார். அன்றைக்கு அவர் ஜெயித்தார். வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாரே, மூன்று பங்கு கட்டியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று அந்தப் பார்வையிலேயே பெருக்கிக் காட்டிவிட்டார். நானும் சளைக்காமல் பார்த்தேன். அடுத்த நாலு ஆட்டமும் வரிசையாகத் தோற்றார். அன்று அவர் என்னைப் பார்க்கவில்லை, சட்டியைத்தான் பார்த்தார். நாலு தோல்விக்குப் பிறகும் அதில் கிட்டத்தட்ட எல்லாப் பணமும் அப்படியே இருந்தது. தோற்ற மறுநாளும் கட்டுவதற்குக் கையில் பணம் இருப்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கிரிக்கெட் முடிந்தபோது கூடுதலும் இல்லை, பெரிய குறைவும் இல்லை. எனக்கு அதுவே பெரிய வரவு.

பிறகு சாரல் தொடங்கியது. அதோடு இன்னொரு பந்தயமும் தொடங்கியது. வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. மலையில் பெருமழை பெய்தால் மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்புக்குக் கட்டியிருக்கிற ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டும், உடனே குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். மறுநாள் காலையில் திறப்பார்களா, தடை நீடிக்குமா என்பதுதான் பந்தயம். சாயங்காலம் பக்கத்துக் கடை சிப்ஸ் அண்ணாச்சியிடம் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். காலையில் போலீஸ் கயிற்றை அவிழ்த்தால் 'திறப்பு' கட்டியவர்களுக்கு, அவிழ்க்காவிட்டால் 'தடை' கட்டியவர்களுக்கு.

இந்தப் பந்தயத்தில் குற்றாலக் கடைக்காரர்கள் மட்டுமே செய்கிற ஒரு பைத்தியக்காரத்தனம் இருந்தது. பழக்கடை, சிப்ஸ் கடை, ஆட்டோ, எண்ணெய் மசாஜ் என்று எல்லோருமே 'திறப்பு' என்றுதான் கட்டுவார்கள். திறந்தால்தானே கூட்டம், கூட்டம் வந்தால்தானே பிழைப்பு? அந்த ஆசையையே பந்தயமாகவும் கட்டினார்கள். எதிர்ப்பக்கம் ஒரே ஒரு ஆள், தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், சாயங்காலம் காற்று வாங்க வருகிறவர். தண்ணீர் விழுந்தாலும் விழாவிட்டாலும் அவருடைய வேட்டி விற்கும். யார் எவ்வளவு கட்டினாலும் அவர் சிரித்துக்கொண்டே எதிர்ப்பணம் வைப்பார். தடை நீடித்த நாட்களில் கடைக்காரர்களுக்கு வியாபாரமும் போகும், பந்தயமும் போகும். பழம் அழுகுகிற நாற்றத்தில் உட்கார்ந்துகொண்டு சிப்ஸ் அண்ணாச்சி ஜவுளிக்காரருக்குக் காசு எண்ணிக் கொடுப்பதைப் பார்ப்பார்கள்.

நான் இதை இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் வாயை அடக்க முடியவில்லை.

"ஏங்க, நம்ம கடையே ஒரு பந்தயந்தானே? அருவி திறக்கும்னு நம்பித்தானே இவ்வளவு பழத்தை இறக்கி வச்சிருக்கோம்? அதுக்கு மேலயும் திறப்புக்கே கட்டினா ஒரே லாரில ஏத்தின மாதிரில்லா. நீங்க தடைக்குக் கட்டுங்க. திறந்தா கடை தரும். திறக்கலைன்னா பந்தயம் தரும்."

அவர் தீயை மிதித்த மாதிரி குதித்தார். "கடையைப் போட்டுக்கிட்டு, கடை ஓடக் கூடாதுன்னு என் கையாலயே கட்டவா? சொந்தக் கடைக்குச் சாபம் விடச் சொல்லுதியே, நீ பொம்பளையா என்னட்டி?"

"மழை என்ன உங்க பந்தயத்தைக் கேட்டுட்டா பெய்யுது?" என்றேன். கணக்கைச் சொல்லி அவர் வாயை அடைக்கலாம், மனசை அடைக்க முடியாது. ஒரு வாரம் என்னோடு மல்லுக்கு நின்றார். அந்த வாரத்தில் தடை நீண்டு ஒரு பெட்டி ரம்புட்டான் கறுத்துப் போனது, பந்தயத்தில் ஒரு பங்கும் போனது. மறுநாள் சாயங்காலம் சிப்ஸ் அண்ணாச்சியிடம் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு பங்குப் பணத்தை நீட்டி, "அண்ணாச்சி, இது தடைக்கு" என்றாராம். கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. அவருடைய சேக்காளி, இலத்தூர்க்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர். அவர்தான் 'தடை மன்னன்' என்று பட்டம் சூட்டினார். போகிற வருகிறவர்களெல்லாம், "என்ன தடை மன்னா, மழை எப்படி வே?" என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் ரோஷக்காரர். அந்தக் கேலியைத் தாங்கிக்கொண்டு தினமும் அதே ஒரு பங்கை அதே பக்கம் கட்டினார். ஒரு பங்கு என்பது பெரிய பணம் இல்லை, அழுகிய பழத்துக்கு ஈடாகாது. ஆனால் தடை நாளில் கடை வாடகை கையைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டது. திறந்த நாளில் ஒரு பங்கு போனது கூட்டத்தில் தெரியவே இல்லை.

ஆடி பிறந்ததும் நான் தூக்குச்சட்டியை பீரோவிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். "இனிமே நீங்களே வச்சுக்கோங்க. நான் எண்ணிப் பாக்க மாட்டேன்" என்றேன். காவல்காரிக்குப் பயந்து அளப்பவரோடு காலம் முழுக்கக் குடும்பம் நடத்த எனக்கு இஷ்டம் இல்லை. என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்கள். பூனையிடம் கருவாட்டைக் கொடுத்துவிட்டேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு நாளாகத் தடை. தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டியதாம், பொழுது சாயும்போதும் குறையவில்லையாம். எனக்கு வீட்டில் ஆடி வெள்ளிக் கூழ் வேலை. போன் வந்தது. அவர் குரலிலேயே என்னவோ இருந்தது.

"ஏட்டி, ஒரு சேதி. நம்ம இலத்தூர்க்காரனோட மச்சான் மேல எஸ்டேட்ல இருக்காம்லா, அவன் போன் போட்டுச் சொல்லுதான். மத்தியானமே மேல மழை சுத்தமா விட்டுட்டாம். வெயிலே அடிச்சுச்சாம். விடியுததுக்குள்ள இங்கன தண்ணி இறங்கிரும். நாளைக்குக் கண்டிப்பாத் திறப்பு. ஜவுளிக்காரருக்கு இது தெரியாது. எவ்வளவு வச்சாலும் எதிர்ப்பணம் வைக்கேன்னு உக்காந்திருக்காரு. எல்லாவனும் கையில இருக்கதைப் பூராவும் வைக்கானுவ."

நான் கூழ் கிண்டிய கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சட்டியை அப்படியே வச்சா ரெண்டு மடங்கு. உன் செயினைத் திங்கக்கிழமையே திருப்பிரலாம்ட்டி."

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. மஞ்சள் கயிறு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. வையுங்கள் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. மேலே மழை இல்லை என்று கண்ணால் பார்த்தவன் சொல்கிறான், இதில் என்ன பந்தயம் இருக்கிறது? இத்தனை மாதம் அந்த மனிதரைப் பிடித்து இழுத்த நானே அந்த இரண்டு நிமிஷத்தில் கவிழ்ந்துபோனேன்.

"சட்டி உங்க கையில இருக்கு. என்கிட்ட கேக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது வேண்டாம் என்பதற்காகச் சொன்னது இல்லை. வேண்டும் என்று வாய் திறந்து சொல்ல வெட்கமாக இருந்ததால் சொன்னது.

காலையில் முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். குற்றாலம் நெருங்கும்போதே தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் வேன்கள், தலையில் துண்டு போட்டுக்கொண்டு நடக்கிற கூட்டம், சீயக்காய் வாசனை. திறந்துவிட்டார்கள். பஸ்ஸுக்குள்ளேயே எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. செயின் வந்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் எல்லாவற்றையும் கட்டியிருப்பார் என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

கடையில் நிற்க இடமில்லை. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நானும் நிறுத்துப் போட்டேன். ஒரு வார்த்தை பேச நேரமில்லை. சிப்ஸ் அண்ணாச்சி கடை முன்னால் இலத்தூர்க்காரர் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்தார். எண்ணெய் மசாஜ் ஆட்கள் விசில் அடித்தார்கள். ஜவுளிக்காரர் அன்றைக்குக் காற்று வாங்க வரவில்லை. இலத்தூர்க்காரர் எனக்கும் ஒரு துண்டு அல்வா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"மதினி, இந்த ஆளைக் கேளுங்க. கையில லட்டை வச்சேன், தூக்கிக் கீழ போட்டுட்டான். தெரு முழுக்க ஜெயிச்சிருக்கு, இவன் ஒருத்தன்தான் தோத்துட்டான்."

எனக்குப் புரியவில்லை. அவர் போனதும் தராசை விட்டுவிட்டு இவரைப் பார்த்தேன். "எவ்வளவு கட்டினீங்க?"

"ஒரு பங்கு."

"எதுக்கு?"

"தடைக்கு."

"திறக்கப் போகுதுன்னு தெரிஞ்சுமா?"

ஒரு பையில் ரம்புட்டானை அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னார். "தெரிஞ்சுதான். கட்டாம இருந்திரலாமான்னும் பாத்தேன். இன்னைக்கு ஒரு காரணம் சொல்லி நிறுத்தினா, நாளைக்கு வேற ஒரு காரணம் சொல்லி நாலு பங்கு வைக்கச் சொல்லும் இந்த மனசு. எனக்கு அதைத் தெரியும். உறுதின்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான் நான் எல்லாத்தையும் விட்டிருக்கேன். சந்தேகமா இருந்த அன்னைக்கு ஒரு நாளும் பெரிசாத் தோத்ததில்ல."

வெற்றி பெற்றவர்கள் நடுவில் தோற்றுப்போய் நின்ற அந்த மனிதரைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணமான நாள் முதல் அவரை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டது கிடையாது. தப்பான சேதி வந்து, கட்டாமல் தப்பித்திருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லியிருப்பார்கள். சேதி சரி, பணம் கண் முன்னால், சேக்காளிகள் எல்லோரும் அள்ளுகிறார்கள். அதிலும் அளவு மாறாமல் நிற்க எத்தனை பேருக்கு முடியும்? எனக்கு முடியவில்லையே. அவரிடம் அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"நீங்க எல்லாத்தையும் வச்சிருப்பீங்கன்னே நினைச்சேன்" என்றேன்.

"நானுந்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு மங்குஸ்தான் நிறுக்கத் திரும்பினார்.